நரம்பின் கட்டளையும் கோழியின் கண்ணீரும்

தூத்துக்குடியில் வேப்பலோடை, தருவைகுளம், முள்ளக்காடு என்று எந்தப் பக்கம் போனாலும் உப்பளப் பாத்திகள் கண்ணில் படும். குளிர்காலத்தில் பாத்தி வரப்புகளில் கடற்காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் சில பறவைகளின் அலகு நுனியில் ஒரு சொட்டு நீர் திரண்டு நிற்பது தெரியும். பறவை தலையைச் சட்டென்று உதறும். சொட்டு தெறித்து விழும். சற்று நேரத்தில் மறுபடியும் ஒன்று திரளும். கடலில் முங்கி எழுந்தபோது ஒட்டிய நீர் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் அது கடல்நீரைவிட உப்புக் கூடிய ஒரு திரவம், பறவையின் தலைக்குள்ளிருந்து வருவது.

க்னூட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியங்கியல் அறிஞர் 1950-களின் பிற்பகுதியில் இந்தச் சொட்டின் ஊற்றைக் கண்டுபிடித்தார். கடற்பறவைகளின் கண்குழிக்கு மேலே பிறை வடிவில் ஒரு சுரப்பி உண்டு. பறவை விழுங்கிய கடல்நீரின் உப்பை அது இரத்தத்திலிருந்து பிரித்து, ஏறத்தாழ 5 சதவீதக் கரைசலாக மூக்குத் துளை வழியே வெளியே தள்ளுகிறது. கடல்நீரிலேயே உப்பு சுமார் 3.5 சதவீதம்தான். 1958-ல் அவரும் ராக்னர் ஃபேங்கே முதலிய கூட்டாளிகளும் இன்னொன்றையும் காட்டினார்கள். இந்தச் சுரப்பி நரம்பின் உத்தரவுக்குக் காத்திருக்கிறது. முகநரம்பு எனப்படும் ஏழாம் மண்டை நரம்பின் ஒரு கிளை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டால் சுரக்கும். அட்ரோபின் கொடுத்து அந்தச் செய்தியை மறித்தால் சொட்டு நின்றுவிடும்.

அதே முகநரம்பின் இன்னொரு கிளை பறவையின் கண்விழிக்குப் பின்னால் இருக்கும் ஹார்டர் சுரப்பிக்குப் போகிறது. அங்கே அந்தக் கிளையைச் சுற்றி நிறைந்திருப்பவை எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்கள். உப்பை வெளியேற்றச் சொல்வதுபோல, நோய்க்கிருமியை மறிக்கும் எதிர்ப்பொருளையும் வெளியேற்றச் சொல்லி நரம்பு கட்டளையிடுமா? கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளாகப் பல நாட்டு ஆய்வகங்களில் துண்டு துண்டாக விடை தேடப்பட்டுவரும் கேள்வி இது. அந்தத் துண்டுகளை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டிய காரணம் நமக்கு நிறையவே இருக்கிறது. இந்தக் கரையோரக் கிராமங்களில் பஞ்சாரத்தில் அடையும் நாட்டுக்கோழியின் உயிர், ஹார்டர் சுரப்பி ஒழுங்காக வேலை செய்வதையும் நம்பியிருக்கிறது.

முதலில் எதிர்ப்பொருளின் பிறப்பிடம். நோய் எதிர்ப்பு அறிவியல் கோழிக்குப் பட்டிருக்கும் கடன் பெரியது. கோழியின் கழிவாய்க்கு மேலே சிறு பை ஒன்று இருக்கிறது. பதுவா நகரத்தின் உடற்கூறியல் அறிஞர் ஃபேப்ரீஷியஸ் அதை விவரித்து எழுதியது, அவர் இறந்தபின் 1621-ல் அச்சாயிற்று. அது எதற்காக இருக்கிறது என்பது முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. 1950-களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் க்ளிக் என்ற மாணவர், குஞ்சுகளில் இந்தப் பையை வெட்டி எடுத்து என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளிப்படையாக ஒன்றும் ஆகவில்லை. உடன் படித்த டிமதி சாங், வகுப்பில் எதிர்ப்பொருள் சோதனையைச் செய்துகாட்டக் கோழிகள் வேண்டுமென்று அவரிடம் கேட்டு வாங்கிப்போனார். சால்மோனெல்லா கிருமியின் கூறுகளை ஊசியில் செலுத்திப் பார்த்தபோது, பை எடுக்கப்பட்ட கோழிகளில் எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. பெரிய இதழ் ஒன்று திருப்பி அனுப்பிவிட்ட அந்தக் கட்டுரை 1956-ல் கோழியியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது. 1965-ல் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் அதன்மேல் கட்டியெழுப்பியதுதான், இன்று பள்ளிப் பாடத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் பி செல், டி செல் என்ற பிரிவினை.

இந்தப் பைக்குள்ளும் நரம்பு இழைகள் ஓடுகின்றன. 1991-ல் ஜெர்மனியில் செண்டெல், வைஹே இருவரும் சப்ஸ்டன்ஸ் பி, விஐபி போன்ற பெப்டைடுகளைத் தாங்கிய நரம்பு இழைகளைப் பையின் திசுவில் அடையாளம் காட்டி, நரம்புக்கும் பி செல்லுக்கும் தொடர்பு இருக்கிறது என்று வாதிட்டார்கள். ஆனால் ஒரு செல்லின் பக்கத்தில் நரம்பு இருப்பது வேறு, அந்தச் செல் நரம்பின் பேச்சைக் கேட்டு நடப்பது வேறு. இரத்தக் குழாயைச் சுருக்கவும் விரிக்கவும்கூட நரம்பு வந்திருக்கலாம். இந்தத் துறையின் பல கட்டுரைகள் நுண்ணோக்கிப் படத்தோடு நின்றுவிடுவதால், பையைப் பொறுத்தவரை வழக்கு இன்னும் முடியவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஹார்டர் சுரப்பியின் கதை அப்படியில்லை. 1694-ல் ஸ்விட்சர்லாந்தின் யோஹான் யாகோப் ஹார்டர் மானில் முதலில் கண்டு எழுதியது இது. கோழியில் இது கண்ணீர்ச் சுரப்பியைவிடப் பெரியது. விழிக்கோளத்தின் பின்புறத்தில், உள்பக்கமாக ஒட்டிக் கிடக்கும் வெளிறிய பட்டையான சதை. இதன் நாளம் பறவையின் மூன்றாம் இமைக்கு உட்புறத்தில் திறக்கிறது. அந்த மெல்லிய இமை விழியின் குறுக்கே ஒருமுறை ஓடி மீளும்போது சுரப்பியின் நீரை விழி முழுக்கப் பூசிவிடுகிறது. மீதி நீர் மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்குகிறது. கண், மூக்கு, மேல் சுவாசப் பாதை என்று கிருமிகள் நுழையும் வாசல்களெல்லாம் இந்த ஒரு சுரப்பியின் நீரால் நனைகின்றன.

1968-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்ஸி பேங், ஃபிரெடரிக் பேங் தம்பதியர் கோழியின் கண்ணையும் மூக்கையும் சூழ்ந்த திசுக்களை ஆராய்ந்து, ஹார்டர் சுரப்பியில் பிளாஸ்மா செல்கள் அடைந்து கிடப்பதை எழுதினார்கள். (இந்த பெட்ஸி பேங்தான் பின்னாளில் தையல்சிட்டு கதை உள்ளிட்ட வங்காள நாட்டுப்புறக் கதைகளை ஆங்கிலத்தில் குழந்தைகளுக்குச் சொன்னவர். பறவை அவரை விடவே இல்லை.) 1971-ல் க்ளிக்கும் அவருடைய கூட்டாளிகளும் இந்தச் சுரப்பியையும் எதிர்ப்பொருள் உண்டாக்கும் செல்களின் இருப்பிடங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். பையில் பயிற்சி பெற்ற பி செல்கள் இங்கே வந்து குடியேறி, பிளாஸ்மா செல்களாக முதிர்கின்றன. உப்புச் சுரப்பியின் செல்கள் பிறந்த இடத்திலேயே இருப்பவை. ஹார்டர் சுரப்பியின் பிளாஸ்மா செல்களோ வெளியூரிலிருந்து வந்தவை. வந்தேறிய செல்களோடு உள்ளூர் நரம்பு பேச முடியுமா என்பதுதான் இங்கே கேள்வியின் உயிர்.

நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் பெஞ்சமின் வால்காட், பீட்டர் பிரிங்க் ஆகியோரின் குழு இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது. அவர்கள் முதலில் நரம்பின் வழியைத் தேடினார்கள். பறவையின் அண்ணத்துக்கு மேலே உள்ள ஒரு நரம்பு முடிச்சிலிருந்து எதிர்ப்பரிவு இழைகள் சுரப்பிக்குள் நுழைந்து, பிளாஸ்மா செல்களுக்கு நடுவே கிளை பிரிகின்றன. பிறகு செல்லிடமே கேட்டார்கள். சுரப்பியிலிருந்து பிளாஸ்மா செல்களைப் பிரித்தெடுத்து, மயிரிழையைவிட நுண்ணிய கண்ணாடிக் குழாயின் முனையை ஒரு செல்லின் சவ்வில் ஒட்டவைத்து, அசிட்டைல்கோலினைப் போல வேலை செய்யும் கார்பகோல் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். செல்லுக்குள் கால்சியம் ஏறியது. சவ்வின் மின்னோட்டம் மாறியது. 1994-ல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையின் மையமான செய்தி, இந்தத் தூண்டுதலால் பிளாஸ்மா செல்கள் விடும் எதிர்ப்பொருளின் அளவு கூடுகிறது, அதில் கால்சியத்துக்குப் பங்கு இருக்கிறது என்பதே.

இதன் கனம் புரிய வேண்டுமானால் பாடநூல் சொல்வதை நினைவில் வைக்க வேண்டும். பிளாஸ்மா செல் என்பது மூட மறந்த குழாய் மாதிரி, நொடிக்கு ஆயிரக்கணக்கான எதிர்ப்பொருள் மூலக்கூறுகளை ஓயாமல் கொட்டிக்கொண்டே இருக்கும், அதற்கு யாரும் உத்தரவிடத் தேவையில்லை என்பதுதான் பொதுவான பாடம். கணையச் செல் இன்சுலினைச் சேர்த்து வைத்து வேளை வரும்போது விடுகிறதே, அப்படிப்பட்ட ஏற்பாடு எதிர்ப்பொருளுக்கு இல்லை என்றே நினைத்திருந்தார்கள். குழாய்க்கு ஒரு திருகு இருக்கிறது, அதைத் திருப்பும் கை நரம்பினுடையது என்று காட்டியது கோழி.

உப்புச் சுரப்பியோடு ஒப்பிட்டால் ஒற்றுமை வியப்பூட்டுகிறது. அங்கேயும் முகநரம்பு, அசிட்டைல்கோலின், அந்த அசிட்டைல்கோலினை வாங்கும், அட்ரோபினுக்குக் கட்டுப்படும் மஸ்கரின் வகை ஏற்பி, செல்லுக்குள் கால்சியம் ஏறுவது. விஐபி பெப்டைடும் துணைக்கு நிற்கிறது. பறவையின் தலையில் இதே வேதிப்பொருள் எங்கும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. நம் கண்ணில் அட்ரோபின் விட்டால் பாவை விரியும். கோழியின் கண்ணில் விட்டால் விரியாது. பறவையின் பாவைத் தசை எலும்புத் தசையைப் போன்ற வரித்தசை. அதன் ஏற்பி நிக்கோட்டின் வகை, அட்ரோபினுக்குக் கட்டுப்படாது. ஒரே கண்ணில் முன்பக்கம் ஒரு சட்டம், பின்பக்கம் வேறு சட்டம். பாலூட்டிகளின் பாடத்தை அப்படியே பறவைக்குப் பெயர்த்து எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஸ்டோனி புரூக் முடிவை நான் நம்புகிறேன், ஆனால் அதன் எல்லையோடு சேர்த்து. பிரித்தெடுத்த செல் செய்வதை உயிருள்ள கோழியும் செய்யும் என்று எடுத்துக்கொள்ள, கண்ணீரை அளந்தாக வேண்டும். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நரம்பைத் தூண்டினால் எதிர்ப்பொருளோடு கண்ணீரும் கூடும். அப்போது ஒரு மில்லி கண்ணீரில் உள்ள எதிர்ப்பொருளை மட்டும் அளந்தால் அது குறைந்ததுபோலக்கூடத் தோன்றும், நீர்த்துப் போயிருப்பதால். மொத்தம் எவ்வளவு வெளியேறியது என்று கணக்கிட்டால்தான் உண்மை தெரியும். சுரப்பியின் நாளத்தில் ஏற்கெனவே தேங்கி நின்றது வெளியே தள்ளப்பட்டதா, செல் புதிதாக விட்டதா என்பதையும் பிரித்தறிய வேண்டும். இதைச் சொல்லாமல் கடந்துபோகும் கட்டுரையை நம்பக் கூடாது.

நரம்பு எதிர்ப்பொருளைத் தொடும் மற்ற வழிகள் சுற்றுவழிகள். பரிவு நரம்பு விடும் நார்அட்ரினலினும் அட்ரினல் சுரப்பி இரத்தத்தில் கலக்கும் அட்ரினலினும் கோழியின் எதிர்ப்பொருள் ஆக்கத்தை மாற்றுகின்றன என்று மக்கார்க்கிள், டெய்லர் முதலியோர் 1990-களின் முற்பகுதியில் அமெரிக்காவில் காட்டினார்கள். ஆட்டின் சிவப்பணுக்களைக் கோழிக்குச் செலுத்தி, அவற்றுக்கு எதிராக எத்தனை செல்கள் எதிர்ப்பொருள் விடுகின்றன என்று எண்ணும் சோதனை அது. ஆனால் பதில் இந்த வேதிப்பொருள்களின் அளவைப் பொறுத்தும் கோழியின் வம்சத்தைப் பொறுத்தும் மாறுகிறது. நீடித்த நெருக்கடியில் மூளையின் உத்தரவால் பறவையின் உடலில் ஏறும் கார்டிகோஸ்டீரோன், பி செல் பையைச் சுருங்க வைக்கிறது, எதிர்ப்பொருளைக் குறைக்கிறது. சித்திரை வெயிலில் கோழி வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து இளைக்கும்போது அதன் நோய் எதிர்ப்பும் சேர்ந்து தளர்கிறது என்பதைக் கோழி வளர்ப்பவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். நாமக்கல் பண்ணைகளில் கோடையில் கொட்டகைக்குள் பனித்தூறல் போலத் தண்ணீர் தெளிப்பது முட்டைக்காக மட்டும் செய்யப்படுவதில்லை.

இன்னொரு சுற்றுவழி வெளிச்சம். இதில் இந்தியாவின் பங்கு குறிப்பிடத்தக்கது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் சந்தனா ஹல்தாரும் அவருடைய மாணவர்களும் காட்டுக்காடை இனம் ஒன்றில் பல ஆண்டுகள் உழைத்து, இரவில் பினியல் சுரப்பி விடும் மெலடோனினுக்கும் நோய் எதிர்ப்புக்கும் உள்ள உறவைப் பருவவாரியாக அளந்தார்கள். இனப்பெருக்கக் காலத்தில் மெலடோனின் தாழ்ந்திருக்கும்போது எதிர்ப்பும் தாழ்கிறது; அந்தக் காலம் முடிந்தபின் இரண்டும் ஏறுகின்றன. ஜப்பானியக் காடையில் 2000-ல் மூர், சியோப்ஸ் இருவரும் செய்த சோதனையில், இரவே இல்லாமல் எந்நேரமும் விளக்கொளியில் வைத்த பறவைகளுக்கு எதிர்ப்பொருள் குறைந்தது. மெலடோனின் கொடுத்ததும் மீண்டது. வ.உ.சி. துறைமுகத்தின் உயர்கோபுர விளக்குகள் விடிய விடிய எரிகின்றன. அந்த வெளிச்சம் எட்டும் பாத்திகளில் வலசை வந்த உள்ளான்களும் பூநாரைகளும் இரவைக் கழிக்கின்றன. அவற்றின் உடலில் என்ன நடக்கிறது என்று அளந்து பார்ப்பது தூத்துக்குடிக்கே உரிய ஆய்வாக இருக்கும்.

பறவைக்கு வெளியே பார்த்தால், நரம்பும் நோய் எதிர்ப்பும் பேசிக்கொள்கின்றன என்ற கருத்து இன்று அசைக்க முடியாதது. 1975-ல் ராபர்ட் ஏடர், நிக்கோலஸ் கோஹன் இருவரும் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தோடு சாக்கரினைச் சேர்த்துக் கொடுத்து எலிகளைப் பழக்கினால், பிறகு அந்தச் சுவையே எதிர்ப்பொருளைத் தாழ்த்தும் என்று காட்டினார்கள். 2000-ல் கெவின் ட்ரேசியின் குழு, வேகஸ் நரம்பைத் தூண்டி அழற்சியை அடக்கியது. 2020-ல் சீன ஆய்வாளர்கள், சுண்டெலியின் மூளையில் இரண்டு இடங்களிலிருந்து மண்ணீரலுக்குப் போகும் நரம்பு வழி பிளாஸ்மா செல்கள் உருவாவதைக் கூட்டுகிறது என்று எழுதினார்கள். உயரமான சிறு மேடையில் நிறுத்தப்பட்ட சுண்டெலிகளுக்குத் தடுப்பூசிக்குப் பின் எதிர்ப்பொருள் கூடியதாம். இந்த முடிவுகளைப் பிடித்துக்கொண்டு மனத்தைத் திடமாக வைத்தால் எந்த நோயும் அண்டாது என்று சொல்லித் திரிபவர்களும் பெருகிவிட்டார்கள். அது பொய். நரம்பு திருகைத் திருப்பலாம். தொட்டியில் எதிர்ப்பொருளை நிரப்புவது தடுப்பூசி.

நம் ஊர்க் கோழிக்கு வருவோம். வெள்ளைக் கழிச்சல் என்று கிராமத்தில் சொல்லும் ராணிக்கெட் நோய் ஒரு தெருவில் நுழைந்தால், சில நாட்களில் அந்தத் தெருவின் பஞ்சாரங்கள் காலியாகிவிடும். 1920-களில் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் அடையாளம் காணப்பட்டு, உடனே நம் நாட்டில் குமாவுன் மலையின் ராணிக்கெட்டில் பதிவான நோய் அது. முக்தேஸ்வர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களில் வீரியம் குறைக்கப்பட்ட கிருமிவகைதான் இன்றும் 8 வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு ஊசியாகப் போடப்படுகிறது. தப்பிப் பிழைத்த கோழிகளில் கழுத்து முறுக்கிக்கொள்வதையும் இறக்கை தொங்குவதையும் பார்க்கலாம். நோயே நரம்பைத் தாக்கும் நோய்.

குஞ்சுக்கு ஊசி கிடையாது. முதல் வாரத்தில் லசோட்டா போன்ற மென்மையான தடுப்பு மருந்தைக் கண்ணில் ஒரு சொட்டு விடுவார்கள். தாய்க்கோழி முட்டையின் மஞ்சள் கருவில் வைத்துக் கொடுத்த எதிர்ப்பொருள் குஞ்சின் இரத்தத்தில் அப்போது ஓடிக்கொண்டிருக்கும். இரத்தத்தில் நேராகக் கலக்கும் மருந்தை அது செயலிழக்கச் செய்துவிடும். கண்ணில் விட்ட சொட்டு அந்தக் காவலைப் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு ஹார்டர் சுரப்பியை அடைகிறது. மருந்து விடுபவர் குஞ்சைப் பக்கவாட்டில் பிடித்து, சொட்டு விழுந்தபின் அது இமைத்து உறிஞ்சும்வரை கையை எடுக்கக் கூடாது. அந்த இரண்டு மூன்று நொடிகளில் மூன்றாம் இமை மருந்தை உள்ளே துடைத்து அனுப்புகிறது. அவசரப்பட்டுக் குஞ்சைக் கூடைக்குள் போட்டால் அது தலையை உதறும். மருந்து வெளியே போய்விடும். அந்த ஒரு சொட்டு, பிளாஸ்மா செல்லையும் அதனிடம் பேசும் நரம்பையும் ஒரே இடத்தில் சந்திக்கிறது. தடுப்பு மருந்துக்குப் பின் அந்த நரம்பின் பங்கு எவ்வளவு, வெயிலில் வாடிய குஞ்சுக்கு அது குறைகிறதா என்ற கேள்விகள் ஆய்வாளரைவிடக் கோழி வளர்ப்பவருக்கே அதிகம் பொருள் தருபவை.

வயலில் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகளையும் இங்கே சேர்த்து யோசிக்க வேண்டும். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கித்தான் அவை பூச்சியைக் கொல்கின்றன. தாமிரபரணிப் பாசனத்தில் வாழையும் நெல்லும் விளையும் ஊர்களில், மேயும் கோழியின் உடலில் அந்த மருந்தின் மிச்சம் சேர்ந்தால், கண்ணுக்குப் பின்னால் ஓடும் இந்த நுட்பமான பேச்சு என்ன ஆகும்? கோழி இந்த வகை நஞ்சுக்கு மிகவும் எளிதில் ஆட்படும் பறவை. அதனாலேயே இந்த வகை நஞ்சுகள் தாமதமாக உண்டாக்கும் நரம்புச் சேதத்தைச் சோதிக்க உலகெங்கும் கோழியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மொத்தத்தில் என் தீர்ப்பு இது. பறவையில் நரம்பு எதிர்ப்பொருளின் ஆக்கத்தைச் சுற்றுவழியில் பாதிக்கிறது என்பதற்குச் சான்று நிறைய இருக்கிறது, ஆனால் கலங்கலாக இருக்கிறது. நரம்பு எதிர்ப்பொருளின் வெளியேற்றத்தை நேராகத் தூண்டுகிறது என்பதற்குச் சான்று கொஞ்சமே, ஆனால் தெளிவானது. அதுவும் ஹார்டர் சுரப்பி ஒன்றிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவதுதான் இந்தத் துறையின் பெரிய குறை. அந்தத் தெளிவான சான்று வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. உயிருள்ள கோழியின் கண்ணீரில், மொத்த அளவோடு, வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் அதைச் சரிபார்ப்பதற்குப் பெரிய செலவு பிடிக்காது. உறிஞ்சும் காகிதத் துண்டு, எதிர்ப்பொருளை அளக்கும் எலைசா சோதனை, அட்ரோபின், குஞ்சுகள் எல்லாம் ஒரு கால்நடைக் கல்லூரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. திருநெல்வேலி ராமையன்பட்டியிலும் ஒரத்தநாட்டிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. முதுநிலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இதை எடுத்துச் செய்யுங்கள். அதற்கு நாமக்கல் பண்ணைக் கோழியோடு நம் கரையோர நாட்டுக்கோழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வம்சம் மாறினால் பதிலும் மாறும் என்பதை மக்கார்க்கிள் காலத்திலேயே பார்த்துவிட்டோம்.